படத்தின் முதுகு

சித்தூர் கடைத்தெருவில் ஏசுரத்தினத்திடம் படம் கொடுத்துச் சட்டம் போட்டுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் நினைவிருக்கும். படத்தை வாங்கியதும் அவர் படத்தைப் பார்க்கமாட்டார். கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார். பிறகு படத்தைக் கவிழ்த்து அதன் முதுகைப் பார்ப்பார். கிழிசலோ கறையோ இருந்தால், கொடுத்தவரையே விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வார். அவர்கள் தொட்ட பிறகுதான் அளவு நாடா பெட்டியிலிருந்து வெளியே வரும்.

“நாளைக்கு நீ கெடுத்துட்டேன்னு யாரும் வந்து நிக்கக் கூடாது பாரு” என்பார்.

ஒரு காலத்தில் அப்படி ஒருவர் வந்து நின்றார். ஏசுரத்தினம் கடை போட்ட புதிது. தன்னுடைய லட்சுமி படத்தை மாற்றிவிட்டு மட்டமான படத்தைச் சட்டத்துக்குள் வைத்துவிட்டதாக ஒரு வியாபாரி தெருவைக் கூட்டினார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அரை நாள் உட்கார வேண்டியிருந்தது. சாயங்காலம் வியாபாரியின் வீட்டு அலமாரிக்குப் பின்னாலிருந்து அசல் படம் கிடைத்தது. சட்டம் போடக் கொடுத்ததே வேறு படம். வியாபாரி வெற்றிலை பாக்கோடு வந்து சமாதானம் சொன்னார். ஏசுரத்தினம் வெற்றிலையை வாங்கிக்கொண்டார், சமாதானத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மாதம் முழுவதும் கோயிலில், அதாவது மிஷன் கோயிலில், பக்கத்து பெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

அதற்கப்புறம் அவர் எதையும் நம்பவில்லை. மரச்சட்டம் நேராக இருக்கிறது என்று விற்றவன் சொன்னால் நம்பமாட்டார், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நாலு மூலையும் கூடிய சட்டத்தில் குறுக்காக இரண்டு கயிறு பிடித்து இரண்டும் ஒரே நீளமா என்று பார்ப்பார். சுவர்களை அவர் நம்பியதே இல்லை. படம் மாட்டப் போகும் வீட்டுக்குத் தூக்குக் குண்டு எடுத்துப் போவார்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது.

படத்தின் முதுகைப் பலகை வைத்து மூடுவதற்கு முன், பலகையின் உள்பக்கத்தில் நீலப் பென்சிலால் எழுதிவிடுவார். படம் யாருடையது, தகப்பன் பெயர், ஊர், தேதி, எந்தச் சுவர், மூடும்போது கூட நின்று பார்த்தவர்கள் யார் யார். வெளியூர்ப் படங்களை மாட்டப்போகும் வீட்டிலேயே உட்கார்ந்துதான் மூடுவார். எழுதும்போது முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். எழுதி முடித்ததும் பலகையை வைத்து ஆணி அடித்து, மேலே பழுப்புக் காகிதம் ஒட்டி, ஈரப் பசையின் மூலையில் தன் கட்டைவிரலை அழுத்துவார். அவருடைய வலது கட்டைவிரலில் உளி பட்ட தழும்பு குறுக்கே ஓடும். காகிதத்தை யாராவது பிரித்து மறுபடி ஒட்டினால் தழும்பு இருக்காது.

அவர் மனைவி எலிசபெத்துக்கு மட்டும் இது தெரியும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுகிறவள் அவள்தான்.

“ஜீவபுஸ்தகத்துல கர்த்தரு பேரு மட்டுந்தான் எழுதறாரு. நீங்க சாட்சி வேற எழுதறீங்க” என்பாள்.

“கர்த்தருகிட்ட யாரும் வந்து படத்த மாத்திட்டன்னு சொல்லமாட்டாங்க.”

*

ஐம்பத்தேழாம் வருஷம் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்த வருஷம். ஆந்திரா பிரிந்து நாலு வருஷம் ஆகியும் எல்லை தீரவில்லை. புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கம் எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று பேருந்தில் முன் சீட்டுக்காரனும் பின் சீட்டுக்காரனும் அடித்துக்கொண்டார்கள். யார் யாரோ வந்து வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டால், அவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏசுரத்தினத்தின் கடைப் பலகையில் தமிழுக்கு மேலே தெலுங்கு எழுதச் சொல்லி ஒரு கூட்டம் வந்தது. எழுதினார். ஏன் எழுதினாய் என்று இன்னொரு கூட்டம் வந்தது. இரண்டு கூட்டத்தின் முகங்களையும் மனதில் குறித்துக்கொண்டார்.

அவருக்கு எல்லையைவிடப் பெரிய கவலை இருந்தது. கடை இருந்த இடம் திருப்பதியில் உள்ள ஒரு சத்திரத்துக்குச் சொந்தம். குத்தகைப் பத்திரத்தை மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் கெடு. அதில் கையெழுத்து வைக்கிறவர் சத்திரத்து மேனேஜர் நாகபூஷணம். இந்தக் கடை போனால் கடைத்தெருவில் வேறு இடம் கிடைக்காது.

பங்குனியில் நாகபூஷணமே கடைக்கு வந்தார். கூட ஒரு நீளமான தகரக் குழாய். உள்ளே சுருட்டியபடி சத்திரம் கட்டியவரின் உருவப்படம், துணியில் எண்ணெய் வர்ணத்தில் மெட்ராஸில் வரைந்தது. ஆறடிக்கு நாலடி. புதிதாகக் கட்டிய கூடத்தில் மாட்ட வேண்டும், திறப்பு விழாவுக்கு டிரஸ்டிகள் வருகிறார்கள்.

ஏசுரத்தினம் துணியை விரித்தார். முதலில் நாகபூஷணத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு துணியைக் கவிழ்த்தார். வலது கீழ்மூலையில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். ஓரத்தில் துரு ஒட்டியிருந்தது. சத்திரங்களில் போட்டிருக்கும் இரும்புக் கட்டிலின் மூலையில் இடித்தால் வரும் கிழிசல். மெட்ராஸில் படம் வரைகிறவன் வீட்டில் எதற்கு இரும்புக் கட்டிலில் போடப் போகிறான் என்று நினைத்தார்.

“இங்க ஒரு கிழிசல் இருக்குது, அய்யா. கொஞ்சம் தொட்டுப் பாருங்க.”

“நேனு எதுக்கு தொடணும்? மெட்ராஸ்லேர்ந்து அப்டியே வந்துது.”

“வழக்கம், அய்யா.”

“உன் வழக்கத்த உன் பசங்ககிட்ட வச்சுக்க. ஒட்டுப் போட்டு சரி பண்ணு. டிரஸ்டீங்களுக்குத் தெரிய வேணாம். பின்பக்கம் நல்லா மூடிடு.”

“துணிப் படத்துக்கு முதுக மூடக் கூடாது. காத்து வேணும். மூடுனா ஈரம் சேர்ந்து தொய்ஞ்சிடும்.”

“மூடு” என்றார் நாகபூஷணம். “குத்தகை காயிதம் பத்தி அப்புறம் பேசலாம்.”

இத்தனை வருஷத்தில் தொட மறுத்த முதல் ஆள் அவர்தான்.

ஏசுரத்தினம் கிழிசலின் பின்னால் துணி ஒட்டினார். முன்பக்கம் வர்ணம் தடவ, சினிமா பேனர் எழுதும் ஆளைத் திருப்பதியிலிருந்து வரவழைத்தார். மரத்தில் உள்சட்டம் கட்டி, துணியை இழுத்து ஆணி அடித்து, மூலைகளில் சின்ன மர ஆப்புகளைச் செருகினார். துணி தொய்ந்தால் ஆப்பைத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். மூடுவதற்கு முன் உள்சட்டத்தின் நடுக்கட்டையில் எழுதினார்:

‘எண்ணெய்ப் படம். வலது கீழ்மூலையில் நாலு விரல் கிழிசல், கொண்டுவந்தபோதே இருந்தது. மேனேஜர் நாகபூஷணம் தொட மறுத்தார். முதுகை மூடச் சொன்னவர் அவரே. பார்த்தவர்: எலிசபெத்.’

கிழிசல் வெளியே தெரியக் கூடாது என்பதால் இந்த வெளியூர்ப் படத்தை மட்டும் கடையிலேயே மூடிக் காகிதம் ஒட்டினார். கட்டைவிரலை வைத்தார். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினார்.

*

அதே வாரம் புத்தூருக்குத் தெற்கே சின்னகண்டிகையில், முனிரத்தினம் என்ற விவசாயியின் வீட்டில் காற்றுக்குக் கதவு அடித்து முருகன் படம் கீழே விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, முதுகுப் பலகை பெயர்ந்துவிட்டது. உள்பக்கம் நீல எழுத்து. முனிரத்தினத்தின் பெயர், செத்துப்போன அவன் அப்பா அப்பாவுவின் பெயர், ஊர், கிழக்குச் சுவர். அதற்குக் கீழே: பார்த்தவர்கள், செங்கம்மா, கிருஷ்ணம்மா. மனைவியும் தங்கையும். தேதியைப் பார்த்தான். பாஷை விசாரிக்க ஆட்கள் வந்த அதே மாதம்.

பக்கத்து வீட்டுப் படத்தைக் கழற்றினார்கள். அங்கும் இருந்தது. மூன்றாவது வீடு தெலுங்கு வீடு. அங்கே வெங்கடாசலபதிக்குப் பின்னால் அந்த வீட்டார் ஏழு பேரின் பெயரும் தமிழில் இருந்தது.

மதியத்துக்குள் ஊரில் ஒரு சுவரிலும் சாமி இல்லை. நாற்பத்தோரு படங்களையும் அம்மன் கோயில் முன்னால் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு முதுகைப் பிரித்தார்கள். ஊரில் இருக்கிறவர்கள் அத்தனை பேருடைய கணக்கும் அங்கே கிடந்தது. சென்னைக்காரர்களுக்காக எடுத்த கணக்கு என்றார்கள் தெலுங்கு வீட்டுக்காரர்கள். ஆந்திராக்காரர்களுக்காக என்றார்கள் தமிழ் வீட்டுக்காரர்கள். பெண்கள் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரை எழுதி, உள்ளே வைத்து, விரல் ரேகை பதித்து மூடுவது செய்வினைக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரியும். கிருஷ்ணம்மாவுக்கு வந்த சம்பந்தம் இரண்டு தரம் தட்டிப்போனது இதனால்தான் என்று செங்கம்மா சொன்னாள்.

முனிரத்தினம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்கு வந்தான். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனார்கள். எலிசபெத், அவர் படம் மாட்டத் திருப்பதி போயிருப்பதாகச் சொன்னாள்.

“அங்கியும் போய் பேரு எழுதறாரா?” என்றான் அவன்.

எலிசபெத்துக்கு உடனே விஷயம் புரிந்தது. கதவுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

*

சத்திரத்துக் கூடத்தில் ஏசுரத்தினம் ஏணி மேல் நின்று தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் திறப்பு விழா. படம் சுவரில் சாய்ந்து, முகம் சுவருக்கும் முதுகு கூடத்துக்குமாக நின்றது. மொட்டை போட்டுக்கொண்டு வந்த யாத்திரிகர்கள் சிலர் தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முனிரத்தினம் வந்த வேகத்தில் நாகபூஷணமும் அறையைவிட்டு வெளியே வந்தார்.

“படக்காரரே, கீழ எறங்கு.”

ஏசுரத்தினம் இறங்கினார்.

“எங்க வூட்டுப் பொம்பளைங்க பேரு உனுக்கு இன்னாத்துக்கு? பேரு எழுதி சாமிக்குப் பின்னால வச்சிக்கினு மூடியிருக்கியே, யாருக்குக் கணக்குக் குடுக்கற?”

“யாருக்கும் இல்லப்பா. படம் உன்துதான்னு எனக்கு ஒரு அத்தாச்சி.”

“என் வூட்டுச் சுவத்துல தொங்கற படம் என்துன்னு எனுக்குத் தெரியாதா?”

“உனக்குத் தெரியும். நாளைக்கு இல்லன்னு சொல்லமாட்டன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

முனிரத்தினம் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். “பாத்தியா, நம்பளத் திருடன்றான்.”

நாகபூஷணத்துக்கு விஷயம் முழுதாக விளங்கியபோது யாத்திரிகர்கள் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்கள். எல்லைக் கணக்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் குரலை உயர்த்தினார். நாளைக்கு டிரஸ்டிகள் வரும் இடம். இந்த ஆளுக்கும் தனக்கும் ஒன்றும் இல்லை என்று எல்லோர் எதிரிலும் தெரிய வேண்டும்.

“ஏமய்யா ஏசுரத்னம், இந்தப் படத்துக்குள்ளயும் எழுதியிருக்கியா?”

ஏசுரத்தினம் கையிலிருந்த தூக்குக் குண்டின் கயிற்றைச் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

“பிரி. எல்லாரும் பாக்கட்டும். இல்லாட்டி சித்தூர் கடை சாவிய இங்க வச்சிட்டுப் போ.”

ஏசுரத்தினம் பழுப்புக் காகிதத்தைப் பார்த்தார். பிரித்தால் தன் மேல் உள்ள பழி போய்விடும். அது தொழிலாளி எழுதி வைத்த குறிப்பு என்று படிக்கத் தெரிந்த யாருக்கும் விளங்கும். ஆனால் ஒட்டுத் துணியும் வெளியே வரும். நாகபூஷணத்தின் பெயரும் வரும். வேலை போன மேனேஜர் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முடியாது. இன்னொன்றும் தோன்றியது. இந்த மனுஷன் கிழிசலை மறந்தே போயிருக்கிறார். மறக்கிற ஆளை எப்படி நம்புவது.

பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தார். எடுத்துக்கொண்டு நாகபூஷணத்தின் அருகில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“பிரிக்கறேன், அய்யா. கிழிசல் பத்தியும் உள்ள எழுதியிருக்கேன். நீங்க தொடமாட்டேன்னு சொன்னதும் இருக்குது.”

நாகபூஷணத்தின் நெற்றி நாமத்துக்குக் கீழே வேர்வை கோடாக இறங்கியது. படத்தைப் பார்த்தார். முனிரத்தினத்தைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

“பெரியவங்க படம்” என்றார் பொதுவாக. “மாட்டறதுக்கு முன்னாடி கத்தி வைக்கறது அபசகுனம். ஏசுரத்னம் நமக்குத் தெரிஞ்ச ஆளு. நேனு ஜவாப்தாரி.”

“இப்பத்தான் பிரின்னு சொன்னீங்க” என்றான் முனிரத்தினம்.

“சொன்னேன். இப்ப வேணாங்கறேன்.”

முனிரத்தினம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குச் சந்தேகம் இரட்டித்துவிட்டது. “ரெண்டு பேரும் கூட்டு” என்றான். “அது உங்க பாடு. எங்க ஊருக்கு வந்து எங்க கண்ணெதுர்ல எங்க பேர அழிச்சிட்டுப் போ. அது போதும்.”

“வரேன்” என்றார் ஏசுரத்தினம்.

படம் மாட்டப்பட்டது. நேராக இருந்தது. இரண்டு நாள் கழித்துக் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாகித் தபாலில் வந்தது. ஏசுரத்தினம் கையெழுத்தைப் பழைய பத்திரத்துக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார்.

*

சின்னகண்டிகைக்கு உப்புத்தாளும் பசைச் சட்டியுமாகப் போனார். அம்மன் கோயில் முன்னால் படங்கள் கிடந்தபடியே கிடந்தன. ஊரே சுற்றி நின்றது. முதல் பலகையை எடுத்துத் தேய்த்தார். நீலம் தூளாகப் பறந்தது. இரண்டாவதைத் தேய்த்தார். மூன்றாவதை எடுக்கும்போது செங்கம்மா கேட்டாள்.

“இதுல எந்த முருகன் எங்களுது?”

எல்லோரும் குவியலைப் பார்த்தார்கள். நாற்பத்தொன்றில் பதினாறு முருகன். எல்லாம் திருத்தணி தேர்த்திருவிழாவில் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே அளவு, ஒரே மயில், ஒரே சட்டம். கழற்றிக் குவித்தபோது யாருடையது எது என்று யாரும் பார்த்து வைக்கவில்லை.

“பேரப் பட்ச்சிட்டு அப்புறம் அழி” என்றான் முனிரத்தினம். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஏசுரத்தினம் ஒவ்வொரு பலகையாகப் படித்தார். பெயர் வந்த வீட்டார் முன்னால் வந்து படத்தை வாங்கிக்கொண்டார்கள். சாட்சிப் பெயர்களைப் படித்தபோது சிலர் “ஆமா, நான்தான் நின்னேன்” என்றார்கள். படித்த பிறகு தேய்த்தார். காகிதம் ஒட்டியதும் அந்தந்த வீட்டாரே தங்கள் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்கள், அவரை வைக்கவிடவில்லை. கடைசியில் முதலில் தேய்த்த இரண்டு முருகன்கள் மிஞ்சின. முனிரத்தினத்துக்கும் அவன் பங்காளி கன்னையாவுக்கும் ஆளுக்கு ஒன்று. இருவரும் தங்களிடம் இருப்பது மற்றவனுடையது என்றுதான் இன்று வரை சொல்கிறார்கள்.

கிளம்பும்போது முனிரத்தினம் பேருந்து நிற்கும் இடம் வரை கூட வந்தான். மரியாதைக்காக அல்ல, அவர் பேருந்து ஏறுகிறாரா என்று பார்க்க.

*

அதற்குப் பிறகு ஏசுரத்தினம் யார் படத்திலும் எழுதவில்லை. தொட்டுப் பார்க்கச் சொல்வதை மட்டும் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஆப்பு தட்ட வேண்டும் என்று சொல்லித் திருப்பதிக்குப் போய்வந்தார். முதுகை மூடினால் துணி தொய்யும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், அது தொய்யவும் செய்தது. ஓரத்தில் காகிதத்தைச் சின்னதாகக் கீறி ஆப்பைத் தட்டி மறுபடி ஒட்டுவார். போனவுடன் முதலில் பார்ப்பது மூலையிலிருந்த தழும்பு ரேகையை. நாகபூஷணம் தூணருகில் நின்று அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். “அந்தா பத்ரமா?” என்பார், எல்லாம் பத்திரமா என்று. “பத்திரமா இருக்குது, அய்யா.” இவ்வளவுதான் பேச்சு.

அறுபதில் எல்லை ஒரு வழியாகத் தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. சித்தூரும் சின்னகண்டிகையும் இந்தப் பக்கமே நின்றன. அந்தச் சித்திரையில் குத்தகைக்கு மறுபடி கெடு வந்தது. ஏசுரத்தினம் பசைச் சட்டியோடு திருப்பதிக்குப் போனார்.

படத்தை இறக்கிக் கவிழ்த்தார். மூலையில் ரேகை இருந்தது. தழும்பு இல்லை. அவருடையதைவிடச் சின்ன விரல், வேலை செய்யாத விரல்.

நாகபூஷணம் அன்றைக்குத் தூணருகில் இல்லை. அறையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஏசுரத்தினம் அந்த ரேகையை ஒரு தரம் விரலால் தடவினார். எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார் என்றால், இனிமேல் அவர் பயப்பட ஒன்றும் இல்லை. பத்திரம் வராது. கத்தியை எடுத்துக் காகிதத்தின் ஒரு பக்கத்தை முழுதாகக் கீறினார்.

நடுக்கட்டையில் நீல எழுத்து அப்படியே இருந்தது. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அதற்குக் கீழே மசியில், நல்ல கையெழுத்தில், தெலுங்கில் மூன்று வரி. ஏசுரத்தினம் தெலுங்கு படிக்க நேரம் எடுத்துக்கொள்வார். கூட்டிக் கூட்டிப் படித்தார்.

‘இந்தக் கிழிசல் மெட்ராஸிலிருந்து வரும்போதே இருந்தது. நான் கிழிக்கவில்லை. பார்த்தவர்: ஏசுரத்தினம், சித்தூர்.’

கீழே நாகபூஷணத்தின் கையெழுத்து.

ஏசுரத்தினம் அதை இரண்டு தரம் படித்தார். இரும்புக் கட்டிலும் துருவும் கண்ணில் வந்தன. சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றால், அந்த ஆளின் கடையை யாரும் பிடுங்கமாட்டார்கள். அது புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பேசாமல் மூடிவிட்டுப் போனால் போதும். பசைச் சட்டியில் விரலை விட்டார். வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியின் அடியில் நீலப் பென்சில் கிடந்தது. மூன்று வருஷமாகச் சீவவில்லை. கத்தியால் சீவி, தன் பெயருக்குக் கீழே எழுதினார்:

‘இதை நான் பார்க்கவில்லை. ஏசுரத்தினம்.’

புதுக் காகிதம் ஒட்டி, அந்தச் சின்ன விரலின் அடையாளம் இருந்த மூலையிலேயே தன் கட்டைவிரலை வைத்தார். படத்தைத் தூக்கி மாட்டினார். குண்டு பிடித்துப் பார்த்தார்.

நாகபூஷணம் பத்திரத்தோடு அறையிலிருந்து வந்தார். கையெழுத்து முன்பே போட்டிருந்தது, மசி காய்ந்திருந்தது. கொடுக்கும்போது ஏசுரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். அதன் முதுகு இப்போது சுவர்ப் பக்கம் இருந்தது.

“அந்தா பத்ரமா?”

“பத்திரமா இருக்குது, அய்யா.”

“வருஷா வருஷம் பிரிச்சுப் பாக்கணுமா?”

“மூடின முதுகு, அய்யா. பாத்துத்தான் ஆகணும்.”

நாகபூஷணம் தலையாட்டினார். ஏசுரத்தினம் பத்திரத்தை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். செருப்பு மாட்டும் சாக்கில் திரும்பிப் பார்த்தார். நாகபூஷணம் படத்தின் கீழே நின்று, ஏணி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார்.